மாத்திரை இறங்கும் நேரம்

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் அக்கா மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் சிட்டு என்போம். இப்போது அப்படிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "எழுதுங்க மாமா. ஆனா குண்டுன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். எண் போட்டு எழுதினால்தான் எனக்குக் கை ஓடும்.

2.

"அவள் நடந்து வந்தால் தரை..." (அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே வாக்குத் தவறுகிறது.)

"கவனக்குறைபாடு என்பது மூளையில்..." (மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் மாதிரி இருக்கிறது.)

சரி, நேராகவே சொல்கிறேன். அவள் புத்தகத்தைத் திறந்தால் மின்விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டுப் பேச்சு, போன வாரத்துச் சண்டை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வரும். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கூட்டம் கலைந்தது. கூடவே பசியும் போனது. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது. அவள் இளைத்தாள். இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே என்று அக்கா பூரித்துப்போனாள்.

3.

மாலையில் மாத்திரையின் வேகம் இறங்கும். பகலெல்லாம் வராத பசி மொத்தமாக

(இங்கே அவள் சாப்பிடும் காட்சி இருந்தது. வாங்கிப் படித்தாள். "கதவைச் சாத்திட்டுத்தானே சாப்பிடுறேன். நீங்க எங்க நின்னு பாத்தீங்க?" காட்சியை எடுத்துவிட்டேன். காலி பிஸ்கட் உறைகளைப் பைக்குள் ஒளித்துக் கல்லூரிக் குப்பைத்தொட்டியில் போடுவதை மட்டும் இருக்கட்டும் என்றாள்.)

எடை பழையபடி ஏறியது. மாத்திரையைக் கூட்டித் தரச் சொன்னால் பசியும் அடங்கும், படிப்பும் ஏறும் என்று அக்கா கணக்குப் போட்டாள். மாலையில் நடப்பது அவளுக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது.

4.

இதை மருத்துவமனையில், மடிமேல் தாளை வைத்து எழுதுகிறேன். உள்ளே போனதும் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று சிட்டுவிடம் சொன்னேன்.

"சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாங்க மாமா. மறுபடி எல்லாப் பேப்பர்லயும் பெயில்தான்."

சொல்லாவிட்டால்?

"இளைப்பேன். அம்மாவுக்குப் பிடிக்கும்."

நர்ஸ் கூப்பிட்டார். என்னை வரவேண்டாம் என்று கை காட்டிவிட்டுச் சிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

5.

முடிவு ஒன்று: சொல்லிவிட்டாள். மருத்துவர் திட்டவில்லை, வேறு வழி பார்ப்போம் என்றார்.

முடிவு இரண்டு: மாத்திரை கூடியது. எல்லோரும் அவளைப் பாராட்ட, அவள்

முதலாவதை எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் அக்கா படிப்பாள், மனம் ஆறுவாள், மகளிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பவள் அவள். அது தெரிந்துதான் சிட்டு என்னை எழுதச் சொன்னாளோ என்று இப்போது தோன்றுகிறது.

கதவு இன்னும் திறக்கவில்லை. நான் இத்துடன் நிறுத்துகிறேன். அக்கா, மீதியை அவளிடமே கேள். மெதுவாகக் கேள்.