மழைத் தெருவில் கத்தரீனாள்

பள்ளிவாசல் எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுவது ஆசீர்வாதத்தின் வேலை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர், தன்னுடைய எண்ணெய் வர்ணங்களையும் பிரெஞ்சு ஓவியப் புத்தகம் ஒன்றையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் படங்களில் கோடே கிடையாது. கிட்டத்தில் வெறும் வர்ணத் திட்டுகள். நாலடி தள்ளி நின்றால் தெரு, குதிரைவண்டி, வெயில். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஆசீர்வாதமும் அப்படிப் போட்டுப் பழகினார்.

எழுபத்து நாலாம் வருஷ மழையில் அவர் மனைவி கத்தரீனாளைப் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் புஷ்பமேரி அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வயிற்றுக் கட்டி முற்றிவிட்டது என்றார் டாக்டர். சன்னல் கத்தரீனாளின் தலைமாட்டில் இருந்தது. அவளால் திரும்ப முடியவில்லை.

"வெளியில என்ன சத்தம்?"

"பஸ்ஸு வந்து நிக்குது."

"யாரு இறங்குதா?"

சொல்லிச் சொல்லி மாளவில்லை. மாற்றுத்துணி எடுக்க எஸ்டேட்டுக்குப் போனவர் வர்ணங்களையும் ஒரு தேயிலைப் பெட்டி மூடியையும் கொண்டுவந்தார். சன்னலோரம் நின்று தெருவைப் போட்டார்: நனைந்த ஓட்டுக்கூரைகள், நிற்கும் ஒரு பஸ், கறுப்புக் குடைகள், ஈர ரோட்டில் உடைந்து கிடந்த வானம்.

"ஒரே தீத்தலா இருக்கே," என்றாள் கத்தரீனாள். அவர் பின்னால் நகர்ந்து மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

"ஆத்தே, மழை பெய்யுது!" அவள் வெகுநேரம் பார்த்தாள். "என்னையும் அதுல நடக்க விடுங்க."

ரோட்டின் நடுவே மஞ்சளில் ஒரு தீற்று வைத்தார். "குடை?" என்று கேட்டார்.

"வேண்டாம். நனையுதேன்."

மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள்.

முதல் வருஷ நினைவுப் பூசைக்கு அம்மாவின் படம் வேண்டும் என்றாள் புஷ்பமேரி. கத்தரீனாளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. ஆசீர்வாதம் அந்த மூடியை மடியில் வைத்து, மிக மெல்லிய தூரிகையால் மஞ்சள் தீற்றுக்கு மேலே முகம் எழுத உட்கார்ந்தார். கடுகளவு இடம். கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாயின. அவள் இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து மறுபடி எழுதினார். அப்போதும் இல்லை. மூன்றாம் முறை அழுத்தித் துடைத்தபோது மஞ்சளும் ரோடும் சேர்ந்தே வந்துவிட்டன. பலகை தெரிந்தது.

உள்ளே வந்த புஷ்பமேரி அப்படியே நின்றாள். "எப்பா, என்ன செஞ்சீக? அம்மா எங்க?"

"முகத்தைக் கொண்டாரலாம்னு பாத்தேம்மா."

"மறுபடி மஞ்சள் வைங்க."

அவர் தூரிகையில் மஞ்சளைத் தொட்டார். கத்தரீனாள் எந்தப் பக்கம் பார்த்து நடந்தாள், பஸ்ஸுக்கு எவ்வளவு தள்ளி நடந்தாள் என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. தூரிகையைக் கீழே வைத்தார்.

"முடியல, தாயி," என்றார். மகள் அவர் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு அழுதாள்.

பூசையில் படம் வைக்கவில்லை. சாமியார் கத்தரீனாளின் பெயரை மட்டும் வாசித்தார்.