அருகம்புல் ஊரைவிட்டுப் போன வருடம்

1997ஆம் வருடம் விஜயதசமியன்று விடிந்தபோது செங்கமடையில் ஓர் அருகம்புல்கூட இல்லை. முந்தின நாள் இருந்தது. களக்காட்டுக்குத் தெற்கே, பச்சையாற்றுத் தண்ணீர் குளத்தில் பெருகி அங்கிருந்து வயலுக்குப் பாயும் சின்ன ஊர் அது. வரப்பு, வாய்க்கால் கரை, பள்ளிக்கூட மைதானம் என்று எங்கே கால் வைத்தாலும் அந்தப் புல்தான் இருக்கும். அத்தனையும் ஒரே இரவில் கிளம்பிப் போய் ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், சந்தையில் இறக்கிப் போட்ட பாய்க்கட்டு மாதிரி திட்டுத்திட்டாகக் கிடந்தது. முதல் பஸ்ஸை ஓட்டிவந்த டிரைவர், ரோட்டோரமாகப் பச்சையாக ஏதோ தரையோடு தரையாக நகர்ந்து போனதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். ஆடுமாடாக இருந்தால் ஹாரன் அடித்திருப்பாராம், புல்லுக்கு எப்படி அடிக்க என்று பேசாமல் வந்துவிட்டாராம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வருடம் ஊரிலிருந்த வேளாண்மை அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஒரு குறுந்தகடும் வந்திருந்தன. பூச்சியையோ களையையோ கையில் வைத்துக்கொண்டு, திரையில் வரும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் அது இன்னதென்று படத்தோடு பெயர் சொல்லும். அலுவலர் ஞானம்பாள் சேரன்மகாதேவிக்காரர். தாத்தா காலத்தில் எண்பது கோட்டை விதைப்பாடு நிலம் வைத்திருந்த சைவக் குடும்பம். அது அப்பா காலத்தில் வாத்தியார் வேலையாகச் சுருங்கி, இவர் காலத்தில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிப் பட்டமாக மிஞ்சியிருந்தது. பயிரைப் பற்றி அவர் படிக்காத புத்தகம் இல்லை, ஆனால் வயலில் இறங்கும்போது செருப்பைக் கழற்ற ஒரு நிமிடம் யோசிப்பார். கம்ப்யூட்டரை ஆயுதபூசையன்று தொடங்கிவைப்பது என்று முடிவாகி, பியூன் பாபநாசம் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, தலையில் அருகம்புல் சொருகி, மானிட்டர் மேல் உட்காரவைத்தார். எதையும் பிள்ளையாரில்தானே தொடங்க வேண்டும். முதல் மாதிரியும் அவரிடமிருந்தே வரட்டும் என்று பாபநாசம் சொல்ல, ஞானம்பாள் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையார் தலையிலிருந்தே ஒரு புல்லை உருவிக்கொண்டார்.

தண்டு படருமா என்று பெட்டி கேட்டது. படரும். கணுவுக்குக் கணு வேர் விடுமா? விடும். இப்படிப் பதினோரு கேள்வி. பன்னிரண்டாவது, இது இங்கே வேண்டியதா, வேண்டாததா என்பது. ஞானம்பாள் கொஞ்சம் தயங்கினார். வேண்டாதது என்றால்தானே பெயர் வரும், இது களைக்கான பெட்டி அல்லவா என்று பாபநாசம் எடுத்துக்கொடுத்தார். ஞானம்பாள் அப்படியே அழுத்த, பெட்டி ஒரு சத்தம் போட்டு, புல்லின் லத்தீன் பெயரையும் படத்தையும் சரியாகக் காட்டியது. எல்லோரும் கைதட்டிவிட்டுச் சுண்டல் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

ஊர் வருத்தப்படவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயலுக்குள் அருகு ஏறினால் பிடுங்கி மாளாது, அந்த வேலை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். பெட்டி பெயர் சொன்னால் அது போய்விடும் என்று புரிந்ததும் அலுவலக வாசலில் கூட்டம் கூடியது. தீப்பெட்டியில் புகையான் பூச்சியும், பனையோலையில் பொதிந்த பார்த்தீனியமும், குளத்தை மூடிக்கிடந்த அமலைச்செடியும் வந்தன. ஞானம்பாள் கேள்விகளை வாசித்துப் பதில்களை அழுத்த, ஒவ்வொன்றும் மறுநாள் எல்லையைத் தாண்டிப் போனது. அத்தனையும் தங்கள் வயலில் வந்து இறங்குவதாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தபோது, உங்க ஊருக்கும் ஒரு பொட்டி வாங்கிக்கிடுங்க என்று செங்கமடையில் சொல்லி அனுப்பினார்கள். மூன்று வாரம் அந்த ஊர் அப்படியொரு சுத்தமாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லாத வரப்புகள் வெல்லக்கட்டி மாதிரி கரைந்தன. குளத்து மடைக்கு அடுத்த முதல் வயல் ஐயம்பெருமாளுடையது, தண்ணீர் முதலில் அவரைத்தான் தேடி வரும். இரண்டு முறை வரப்பு உடைந்து, நட்டது முழுக்க அடித்துக்கொண்டு போனது. தென்னை ஓலை வைத்துக் கட்டிப் பார்த்தார், சாக்கில் மண் நிரப்பி அடுக்கிப் பார்த்தார். மூன்றாவது நடவுக்கு மேல் நாற்றங்காலில் ஒரு நாற்றுமுடிகூட மிச்சமில்லை. இதுவும் போய்விட்டால் அந்த வருடப் பிசான சாகுபடியே அவருக்கு இல்லை. இந்த நாத்தும் போச்சுன்னா களக்காட்டுல வாழைத்தார் சுமக்கத்தான் போணும் என்று அவர் மனைவி பிரம்மநாயகி வாசலில் நின்று பொதுவாகச் சொன்னார். ஐயம்பெருமாள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் அருகை வேர்மண்ணோடு வெட்டிவந்து வரப்பில் பதித்தார். காலையில் பார்த்தால் பதித்த குழி இருந்தது, புல் இல்லை.

ஞானம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. வரப்பைக் கட்டி வைத்திருப்பது அருகுதான் என்று கல்லூரியில் பரீட்சைக்கு எழுதியவர் அவர். தான் எழுதியதைத் தானே மறந்து, சாமி தலையிலிருந்து எடுத்த புல்லை வேண்டாதது என்று சொல்லிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. எல்லைக்குப் போய் ஒரு புல்லை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பெட்டி முன்னால் உட்கார்ந்து அதே பதினோரு பதில்களையும் சொன்னார். பன்னிரண்டாவதுக்கு வேண்டியது என்று அழுத்தினார். அதற்குப் பிறகு பெட்டி யாரும் அதுவரை பார்த்திராத பதின்மூன்றாவது கேள்வியைக் கேட்டது: யாருக்கு? அவர் தன் பெயரை அடித்தார். மறுநாள் ஊரெங்கும் புல் இல்லை, அவருடைய வாடகை வீட்டின் குழாயடியில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு இருந்தது. அவருக்கென்று ஊரில் வேறு மண் கிடையாது என்பது பெட்டிக்குத் தெரிந்திருந்தது.

அவர் செருப்பைக்கூட மறந்து நேராக ஐயம்பெருமாள் வயலுக்குப் போனார். தப்பு தன்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வயல்காரரே வந்து பதில் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஐயம்பெருமாள் திட்டவில்லை, திட்டியிருந்தால் ஞானம்பாளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கைகால் கழுவிக்கொண்டு கூடவே அலுவலகத்துக்கு வந்தார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஞானம்பாள் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, அவர் திரையைப் பார்க்காமல் புல்லைப் பார்த்தே பதில் சொன்னார். பன்னிரண்டாவது வந்தது.

"வரப்புல வேணும்மா. வயலுக்குள்ள வேண்டாம். அப்படிப் போட்டிருங்க."

"அப்படிப் போட வழியில்லையே, அண்ணாச்சி. வேணும், இல்லன்னா வேண்டாம். ரெண்டே பதில்தான் வச்சிருக்கான்."

ஐயம்பெருமாள் புல்லைக் கையில் எடுத்தார். முப்பத்தெட்டு வருடமாக அந்தப் புல்லோடு அவருக்குப் பேச்சுவார்த்தை உண்டு, எல்லாம் வசவுதான். இன்றைக்குப் பிடுங்கினால் நாலாம் நாள் தலைகாட்டும். முதுகு வளைந்ததும் விரல்நகம் கறுத்ததும் அதனால்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், இனி அதைத் திட்டக்கூட வாய் இருக்காதே என்று யோசித்தாரோ என்னவோ, வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது.

"வேணும்னே போடுங்க. வாரதுக்கு அது இருக்கு, பிடுங்குததுக்கு நான் இருக்கேன். அது எங்களுக்குள்ள உள்ள வழக்கு. நடுவுல இந்தப் பொட்டி எதுக்கு?"

ஞானம்பாள் வேண்டும் என்று அழுத்தினார். யாருக்கு என்று கேட்டதற்கு ஐயம்பெருமாள் பெயரை அடித்தார்.

அன்று பெய்தது அந்த வருடத்தின் பெரிய மழை. குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. காலையில் பிரம்மநாயகி போய்ப் பார்த்தபோது அவர்கள் வரப்பு நின்றது, மூன்றாவது நடவும் நின்றது. வரப்பு முழுக்க அருகு பழையபடி கால்பாவியிருந்தது. வயலுக்குள்ளும், நாற்றுகளுக்கு நடுவில், தண்ணீரிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. சுற்றியிருந்த மற்ற வயல்கள் எல்லாம் ஒரே வெள்ளக்காடு.

அதன் பிறகு ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு வந்தார்கள். ஆள் நேரில் வந்து சொன்னால்தான் பெட்டி ஒப்புக்கொண்டது. அண்ணனுக்காகத் தம்பி சொன்னது செல்லவில்லை. கோயிலுக்காகப் பூசாரி வந்தபோது யாருக்கு என்ற இடத்தில் பிள்ளையார் என்றே அடித்தார்கள், மறுபேச்சில்லாமல் உச்சிக்காலப் பூசைக்குள் புல் வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற தபால் அதிகாரி கோபாலசுப்பிரமணியன் மட்டும் ஒரு களையிடம் போய்த் தான் கெஞ்சுவதாக இல்லை என்று சிமெண்டில் வரப்பு கட்டிக்கொண்டார். இன்றுவரை அதில் அருகு ஏறியதில்லை. புகையானை வேண்டும் என்று சொல்ல யாரும் வரவில்லை, ஆகவே அந்த ஊரில் அது இன்றும் கிடையாது. இரண்டு வருடம் கழித்துக் குறுந்தகடு கீறல் விழுந்து ஓடாமல் போனது. அதற்குள் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள்.

களைபறிப்புக் காலத்தில் ஞானம்பாள் ஐயம்பெருமாள் வயலுக்குப் போனார். வயலுக்குள் அருகு மண்டிக் கிடந்தது, வேண்டும் என்று சொன்னதற்கு வஞ்சனை இல்லாமல் வந்திருந்தது. ஐயம்பெருமாள் இடுப்பு ஒடியக் குனிந்து, அதன் தாயையும் பாட்டியையும் இழுத்துச் சத்தமாக வைதுகொண்டே பிடுங்கிக்கொண்டிருந்தார். ஞானம்பாள் சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்கினார். பிடுங்கியதை எங்கே போட என்று கேட்டதற்கு அவர் நிமிராமலே வரப்பைக் காட்டினார். இரண்டு பேரும் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் எறிந்தார்கள், விழுந்த இடத்தில் அது வேர்விட்டுக்கொண்டிருந்தது.