நீள லென்ஸ்

வலது தோள் தீயாய் எரிந்தது. காலையிலிருந்து சிமெண்ட் மூட்டை தூக்கியவனுக்குச் சட்டைத் துணி உரசினாலே உயிர் போயிற்று. அந்தத் தோளோடுதான் பழைய கேமரா கடையின் படியேறினான்.

கிடங்கில் சுமை தூக்குவது பிழைப்பு; ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் படம் எடுப்பது பித்து. கல்யாணம் ஆகவில்லை. வாடகை அறையில் பேச்சுத் துணைக்கு ஒரு மின்விசிறி, அதுவும் திக்குவாய். கூடப்பிறந்த ஒரே அக்கா மூன்று வருஷமாக முகம் கொடுப்பதில்லை. அவள் புருஷன் செத்த அன்று இவன் ஏதோ ஓர் இறுதியாட்டத்தில் போனை அணைத்துவிட்டுக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கேமராவோடு படுத்துக் கிடந்தான். வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அக்காள் மகள் மட்டும் ஒட்டு விடவில்லை. ஈட்டி எறிகிறவள். முந்தின நாள் போனில் சொன்னாள்: "மாமா, இந்தத் தடவை போட்டிக்கு அம்மாவும் வருது. நான் எறியறப்ப மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு எடு. நீ எடுத்ததெல்லாம் எறும்பு குச்சி தூக்கிட்டு ஓடற மாதிரியே இருக்கு."

அப்படி ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் அக்கா ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்று அவன் நம்பினான்.

கடைக்காரர் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று, கிட்டத்துக்கும் ஓரளவு தூரத்துக்கும் திருகி மாற்றுகிற ஜூம். இன்னொன்று முழங்கை நீளம், தூரத்துக்கு மட்டும்.

"எங்க நின்னு எடுப்பீங்க?"

"வேலிக்கு இந்தப் பக்கம். உள்ள விடமாட்டான்."

"அப்ப ஜூம்ல மூஞ்சி சின்னதாத்தான் விழும். பெரிசுல மூக்கு வேர்வை வரைக்கும் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் அண்ணே, கிட்ட ஆளு வந்தா இது குருடு."

"எங்கிட்ட எவன் வரப்போறான்?"

கடைக்காரர் சிரித்தார். "வெலதான் உங்க விரலுக்கு மீறின வீக்கம்."

அவன் கேமராவில் இருந்த சின்ன லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "இதையும் சேத்து எடுத்துக்குங்க."

"இது போயிட்டா வீட்டுல, விசேஷத்துல எதால எடுப்பீங்க?"

"வீடும் விசேஷமும் இருக்கறவன் கவலப்படட்டும்."

போட்டியன்று அந்தக் கனத்தை நொந்த தோளில் முட்டுக் கொடுத்து நின்றான். அக்காள் மகள் ஈட்டியோடு ஓடி வந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்து, அவள் ஈட்டியை விடுகிற நொடியில் அழுத்தினான். திரையில் பார்த்தால் செத்துப்போன அத்தானின் தாடை அப்படியே இருந்தது.

"மாமா!"

கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு அவள் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எளச்சுட்டியேடா."

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடு மாமா" என்றாள் சின்னவள். பேச்சு வராதவனுக்கு அது நல்லதாகப் போயிற்று, கேமராவைத் தூக்கினான். உள்ளே வெறும் மூட்டம். ஓர் எட்டு பின்னால் வைத்தான். மூட்டம். இன்னும் நாலு எட்டு. அக்கா ஒன்றும் புரியாமல் அவனை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"அங்கயே நில்லுக்கா!" உள்ளங்கையை நீட்டித் தடுத்தான். ஒலிபெருக்கி அடுத்த போட்டியைக் கத்திக்கொண்டிருந்தது. அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை. கையை நீட்டியபடியே பின்னால் போனான், போய்க்கொண்டே இருந்தான்.

ஒருவழியாக லென்ஸில் அக்காவின் முகம் துலங்கியது. அடக்கம் முடிந்த அன்று வாசலில் பார்த்த அதே முகம். அழுத்துவதற்குள் அவள் மகளின் பிடியை உதறித் திரும்பிவிட்டாள். சின்னவள் ஒரு தரம் இவனைப் பார்த்தாள், பிறகு அம்மா பின்னால் ஓடினாள். நடுவில் ஆட்கள் குறுக்கிட்டார்கள். இவன் வெளி வாசலுக்கு ஓடி வருவதற்குள் இருவரும் கூட்டத்தில் கரைந்துபோனார்கள்.

சட்டைப் பையில் போன் இருந்தது. அதிலும் ஒரு கேமரா உண்டு. படம் என்றால் பெரிய லென்ஸ்தான் என்று கிடந்த புத்திக்கு அது உறைக்கவே இல்லை.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. 'மன்னிச்சுடுக்கா' என்ற ஒரு வார்த்தை அவளுக்கு மூன்று வருஷமாகப் பாக்கி. அன்றைக்கும் அது பாக்கியாகவே நின்றது.