டப்பா மூடியில் பங்கு

1
இந்தக் கதை முழுக்க என்னுடையதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் திரும்பும் ரயிலில், எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மாத்திரைப் புட்டியை டிபன் டப்பா மூடியில் கவிழ்த்துக் கலந்து, பாதிப் பாதியாக அள்ளிக்கொண்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மற்றதெல்லாம் என் புளுகு.

2
'காஞ்சிபுரத்து நெசவாளர்களின் பிள்ளையார்பாளையத்தில் பொழுது புலர்ந்தபோது தறிகளின்—'

வேண்டாம். மறுபடியும் தறிச் சத்தத்தில் தொடங்கினால் அந்த ஊர்க்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

நேராகவே சொல்கிறேன். தேவகி பட்டுச்சேலைக்குக் குஞ்சம் முடிக்கிறவள். கழுத்தில் நெறி கட்டியது. மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். சென்னையில் புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வொன்றில் சேர்ந்தாள். வழக்கமான ஊசி எல்லோருக்கும் உண்டு. கூடவே ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே உருவத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஏனாத்தூர் கல்லூரி விடுதியில் சமைக்கும் பொன்னியம்மாளும் அதே நோயோடு அங்கே வந்தாள்.

மூன்றாம் மாதம் தேவகியின் கட்டி வற்றியது. பொன்னியம்மாளுக்கு அப்படியே இருந்தது.

"உனுக்கு மாவைத்தான் குடுத்துக்கினு இருக்காங்கக்கா. என்னுதுல பாதி எடுத்துக்கோ" என்றாள் தேவகி.

"உனுக்குக் கொறஞ்சிடாதா?"

"கொறஞ்சா கொறயட்டும்."

அன்றிலிருந்து டப்பா மூடியில் கலந்து பங்கு. ஆஸ்பத்திரியில் மீதி மாத்திரையை எண்ணும்போது எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. (தேவகியை ரொம்ப நல்லவளாக்கிவிட்டேனோ என்று இங்கே உறுத்தியது. நல்லவள்தான். வம்பே அதில்தான்.)

3
ஒருநாள் ரத்தம் எடுத்துக்கொண்டே நர்ஸ் காயத்ரி சொன்னாள்: "உங்க ரிப்போர்ட்டெல்லாம் பாத்துத்தான்மா, இதை மத்தவங்களுக்குக் குடுக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்க."

கலந்து தின்றதில் ரிப்போர்ட்டே பொய்யாகிவிடுமே என்று தேவகி பொன்னியம்மாளிடம் ஓடினாள். டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றாள்.

"சொன்னா ரெண்டு பேரையும் தொரத்திடுவாங்க தேவகி. எனுக்கு வேற போக்கு ஏது?" என்றாள் பொன்னியம்மாள்.

முடிவு ஒன்று: தேவகி வாயைத் திறக்கவில்லை. எழுதிப் பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டால்தானே! "நம்மள நம்பி நாளைக்கு எவளோ ஒருத்தி முழுங்குவாக்கா" என்று எழுந்து டாக்டர் அறைக்குள் போய்விட்டாள்.

முடிவு இரண்டு: டாக்டர் மனமிரங்கி— அடித்துவிட்டேன்.

தேவகி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டவில்லை. "ஆய்வுல வெச்சிக்கலாமான்னு கமிட்டிதான் சொல்லணும். வைத்தியம் நிக்காது" என்றார். பிறகு மெதுவாக, "உங்க கட்டி வெறும் ஊசியாலயும் வத்தியிருக்கலாம்மா. நிஜ மருந்து அவங்க புட்டியில இருந்திருந்தா?"

அப்படியானால் தேவகி, கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் பொன்னியக்காவின் பாதியைப் பிடுங்கித் தின்றிருக்கலாம்.

(எந்தப் புட்டியில் மருந்து என்று என்னைக் கேட்காதீர்கள். ஆய்வு முடியும்வரை எனக்கும் தெரியக்கூடாது.)

4
வெளியே பெஞ்சில் பொன்னியம்மாள். "இன்னா சொன்னாங்க?"

தேவகி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்றேன்க்கா. முழுசா கேட்டுட்டு அப்புறமா திட்டு."

இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை. நீங்கள் எழுதுங்கள். ஆறுதலுக்கென்று ஒரு பொய்யை மட்டும் அவள் வாயில் வைத்துவிடாதீர்கள். நான் மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் துப்பிவிட்டாள்.