பெரிய மார்க்கெட் வாயை மூடிய காலை

புதுச்சேரி பெரிய மார்க்கெட் ஒரு நாள் வாயை மூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். தாலி கட்டுகிற நேரத்தில்கூடப் பக்கத்து நாற்காலியோடு கதை பேசுகிற ஊர் இது. மார்க்கெட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மீன்காரிக்கும் பூக்காரிக்கும் நடுவில் போய் நின்றால் நம் மனசு நினைப்பது நமக்கே கேட்காது. அந்த மார்க்கெட் என் கண் முன்னால் பேச்சை நிறுத்தியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் நிர்மலாதேவிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். மற்ற வார்த்தைகள் எப்படியோ தட்டுத் தடுமாறி வந்துவிடும். சொந்தப் பெயர்தான் வராது. 'நி' என்று நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், இறங்கவே இறங்காது. பெயரைக் கேட்டவர்கள், பாவம், உதவி செய்வதாக நினைத்து "நித்யாவா? நிஷாவா?" என்று அடுக்குவார்கள். அவளும் போதும் போ என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவாள். தட்டாஞ்சாவடியில் அவள் வேலை பார்க்கிற பிஸ்கட் கம்பெனியில் பாதிப் பேருக்கு அவள் நித்யாதான்.

ஆனால் எழுதச் சொல்லுங்கள், அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலையில் எஃப்.எம்மில் 'எழுந்தாச்சா புதுச்சேரி' என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. மரீஹா என்று ஒரு பெண் நடத்துகிறாள். பாட்டு, விருந்தாளியோடு அரட்டை, கடைசியில் 'இன்றைய நல்ல வார்த்தை'. அந்த நல்ல வார்த்தை கேட்கிறவர்கள் அனுப்புவது. நிர்மலா பஸ்ஸுக்கு நிற்கும்போதே போனில் தட்டி அனுப்பிவிடுவாள். பெயர் போட மாட்டாள், 'தட்டாஞ்சாவடி தோழி' என்று மட்டும் போடுவாள். "பக்கத்து வீட்டு வெளக்கு எரிஞ்சா நம்ம வாசலுக்கும் வெளிச்சம்தானே" என்று அவள் எழுதியதை மரீஹா ஒரு முறை படித்தாள். அதற்குப் பிறகு மார்க்கெட்டில் பக்கத்துக் கடையில் வியாபாரம் சூடு பிடித்தால் அதைச் சொல்லித்தான் மனசை ஆற்றிக்கொள்வார்கள். எழுதியது என் மகள் என்று நானும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு.

ஒரு நாள் மரீஹா ரேடியோவிலேயே கூப்பிட்டுவிட்டாள். "தட்டாஞ்சாவடி தோழி, எங்க ஒளிஞ்சிகினு இருக்கீங்க? ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வந்தே ஆகணும், சொல்லிட்டேன்!"

இவளும் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டாள். நான் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"ஏன்டி ஒத்துகினே? அவ கேக்கற மொத கேள்வியே பேருதாண்டி!"

"தெ… தெரியும்மா."

"நானும் கூட வரேன். நீ தடுமாறினா எடுத்துக் குடுப்பேன் இல்ல?"

"நீ வ… வந்தா நீதான் பேசுவ. எனக்கு வா… வாயே தேவப்படாது."

மரீஹா யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பாள். பேரு என்ன, ஊரு எது, காலைல என்ன சாப்டீங்க. மந்திரியோ மரம் வெட்டுகிறவரோ, எல்லோருக்கும் இதேதான். அதில் எனக்குப் பயமில்லை. அவள் வேகத்தில்தான் பயம். ரேடியோக்காரர்களுக்கு மௌனம் என்றால் பாலில் ஈ விழுந்த மாதிரி. கொஞ்சம் இடைவெளி விட்டால் மரீஹா சிரிப்பாள், இல்லையென்றால் பாட்டைப் போட்டுவிடுவாள். ஒரு டான்ஸ் டீச்சர் வந்து, பதிலை யோசிக்கிறேன் என்று கொஞ்சம் நின்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் முழுப்பாட்டும் ஓடிவிட்டது. என் பெண் பெயர் சொல்லத் திணறும்போது அவள் மேலும் பாட்டு விழுந்துவிட்டால்? அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். எனக்குத் தெரியும்.

அவள் ஸ்டுடியோவுக்குப் போன அன்றைக்கு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். ஷஹாபுதீன் பாய் மளிகைக் கடை வாசலில் நின்றால் ரேடியோ நன்றாகக் கேட்கும். பாய் கடை மட்டுமா, அந்த நேரத்தில் எல்லாக் கடையிலும் அதே நிகழ்ச்சிதான். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாலும் ஒரு வார்த்தை விடாது.

"இன்னா ஆயா, மீனு வாங்காம பாய் கடைல தூணா நிக்கற?" என்றாள் எதிரில் மீன் விற்கிற பார்வதி.

"வாங்கறேன், இரு."

"வஞ்சிரம் கேக்கறவங்கள பாத்துக்கினு இருக்கு. நீ தூண கட்டிக்க."

பாட்டு முடிந்தது. மரீஹா வந்தாள். "எழுந்தாச்சா புதுச்சேரி? போன்ழூர், காலை வணக்கம்! இன்னிக்கு யாரு வந்திருக்காங்க தெரியுமா? நம்ம தட்டாஞ்சாவடி தோழி! வெளக்கு எரிஞ்சா வெளிச்சம்னாங்களே, அவங்களேதான்!"

பார்வதி கத்தியோடு கையைத் தூக்கினாள். "அடியே, நம்ம வெளக்குக்காரம்மா!"

"மொத கேள்வி. பேரு என்ன?"

"எ… என் பேரு… நி…"

அவ்வளவுதான். சத்தம் போய்விட்டது.

மார்க்கெட்டில் அத்தனை ரேடியோவும் ஒன்றாக ஊமையானால் எப்படி இருக்கும்? விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாய், பேட்டரி அவுட்டா?" என்றாள் பார்வதி.

பாய் ரேடியோ தலையில் ஒரு தட்டு தட்டினார். பிறகு ஸ்டேஷனை மாற்றக் கையைக் கொண்டுபோனார்.

"கைய எடு பாய்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்தே போய்விட்டார்.

"இன்னாக்கா?"

"அது என் பொண்ணு."

"யாரு?"

"பேசறது. என் பொண்ணு. அவளுக்கு வார்த்த வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

பாய் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பார்வதி என்னைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், கத்தியைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். அவள் அடுத்தவளுக்கு. அப்படியே வரிசையில் போனது. கூடையோடு வந்த சுமைக்காரர் கூடையை இறக்காமலே நின்றார். பூக்கடைகள் அடங்கின. பிறகு கறிகாய் வரிசை.

பாட்டு வரவில்லை. நான் ஒவ்வொரு கணமும் எதிர்பார்த்தேன், வரவில்லை. ஸ்டுடியோவில் நடந்ததை நிர்மலா சாயங்காலம் சொன்னாள். மரீஹாவின் விரல் பாட்டுப் பட்டன் மேல் இருந்ததாம். இவள் அவள் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாளாம். மரீஹா விரலை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் மேஜைக்கடியில் கொண்டுபோய்விட்டாளாம்.

எனக்கு இங்கே அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அமைதிதான். மீன் பலகையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது, கேட்கிறது. தகரக் கூரை மேல் புறா நடக்கிறது, நகம் கீறுவது கேட்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து போகிற மார்க்கெட், கூரையில் புறா இருப்பது அன்றுதான் தெரிந்தது. அதற்கும் அடியில் வேறொரு சத்தம். முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. மூச்சு! மளிகைக் கடையிலிருந்து, பூக்கடையிலிருந்து, வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து, எல்லாப் பக்கமும் என் மகள் மூச்சு விடுகிறாள். அவள் பிறந்த அன்றைக்கு ராத்திரி முழுக்கக் காது வைத்துக் கேட்ட அதே மூச்சு. இன்றைக்கு அதை மார்க்கெட்டே கேட்டுக்கொண்டு நின்றது.

பை வைத்திருந்த ஒருவர் மெல்ல, "நித்யாவா இருக்குமோ?" என்றார்.

பார்வதி திரும்பினாள். "மூடு வாய. அதுவே சொல்லும்."

"நி…"

கூடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நி… நிர்மலாதேவி."

யாரும் கை தட்டவில்லை. கோயிலில் திரை விலகினதும் ஒரு கணம் அப்படியே நிற்போமே, அந்த மாதிரி நின்றார்கள். பாய் உதடு மட்டும் அசைந்தது, என்ன ஓதினாரோ. மரீஹா அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"ஊரு தெரியும். அத விட்டுடலாம். காலைல என்ன சாப்டீங்க, நிர்மலாதேவி?"

"ஒ… ஒண்ணும் சாப்டல. ப… பயத்துல."

மார்க்கெட் வெடித்துச் சிரித்தது. அதோடு போனது அமைதி. கூடை இறங்கியது, ஐஸ் உடைந்தது, ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள். என் மகள் ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தாள், திக்கித் திக்கி, நிறுத்தாமல். பாய் சத்தத்தை முழுக்கக் கூட்டியும் எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு இரைச்சல். பின் வரிசையிலிருந்து யாரோ, "பேரு இன்னாவாம்? பேரு இன்னாவாம்?" என்று கூவினார்கள். மீன் வரிசை முழுக்க, வஞ்சிரத்துக்கு விலை கூவுகிற அதே தொண்டையில், என் மகள் பெயரைச் சொன்னது.