ஒன்றிலிருந்து மூன்று வரை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு ஏசி வேண்டும், சோபா வேண்டும், டீ வேண்டும். பில் மட்டும் வேண்டாம். பாட்டு ரெக்கார்டிங் பண்ண வருகிறவன் நாலு மணி நேரம் ரூமை அடைத்துக்கொண்டு கிடப்பான். கடைசியில், "நான் வாயைத் திறந்து பாடினது முக்கால் மணிதான்" என்பான். லாட்ஜில் ரூம் எடுத்துவிட்டு, தூங்கின நேரத்துக்கு மட்டும் வாடகை தருவானா?

அடையாறில் அச்யுத் சாருடைய ஸ்டூடியோவில், வாசலில் உட்கார்ந்து நோட்டு எழுதுவது என் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள், அவ்வளவுதான். மூணாம் கிளாசுக்கு மேல் படிக்கவில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியும். என் நோட்டை வைத்துத்தான் மணிக்கு இவ்வளவு என்று பில் போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை ரங்கன் வந்தார். பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டுகிறவர். தானே அம்மன் பாட்டு பாடி, ஆடித் திருவிழாவுக்கு வெளியிடப் போகிறாராம். கூட ஒரு ஆள். பத்து மணிக்கு உள்ளே போனவர்கள் ஐந்துக்குத்தான் வந்தார்கள். அப்படியே எழுதினேன். வியாழக்கிழமை அவர் போனில் கத்தியிருக்கிறார்: ஒன்றிலிருந்து மூன்று வரை ஹோட்டலில் சாப்பிட்டோம், உங்கள் கிழவன் தூங்கிவிட்டுப் பொய் எழுதியிருக்கிறான்.

"டில்லிபாபு, சாயந்தரம் அவரே நேர்ல வராராம். நோட்டு தப்புன்னு ஆச்சுன்னா, நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்" என்றார் அச்யுத் சார்.

எழுபத்தோரு வயதில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? மேகலாவிடம் போனேன். ரெக்கார்டிங் மிஷினைப் பார்த்துக்கொள்கிற பெண்.

"இன்னா தாத்தா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

சொன்னேன். சிரித்தாள். "அவ்ளோதானா? நான் காலைல ரெக்கார்ட் போட்டா, கிளம்பும்போதுதான் நிறுத்துவேன். நல்லாப் பாடினது தப்பிடக் கூடாதுல்ல? நான் சாப்பிடப் போனப்பவும் அது ஓடிக்கினுதான் இருந்துது. அவங்க எங்க இருந்தாங்கன்னு அதுவே சொல்லும்."

ஒரு மணிக்கான இடத்தைத் தேடி ஓட விட்டாள். பொட்டலம் பிரிக்கிற சத்தம். எலும்பு கடிக்கிற சத்தம். எனக்கு உயிர் வந்தது. பிறகு ரங்கன் குரல், என் காதுக்குள் உட்கார்ந்து பேசுவது போல.

"இங்க பேசலாம்டா. இந்த ரூம்ல கத்தினாலும் வெளிய கேக்காது. அந்தப் பாஞ்சாலி வீட்டை விக்கக் கையெழுத்துப் போடலல்ல? வெள்ளிக்கிழமை விடிகாலைல அவ புள்ள கடலுக்குப் பூடுவான். அவ உள்ள இருக்கசொல்லவே கொளுத்திடு. காஸ் வெடிச்சிதுன்னு சொல்லிக்கலாம்."

மேகலா நிறுத்தினாள். பாஞ்சாலி குப்பத்தில் மீன் விற்கிறவள். அவளிடம்தான் நான் சங்கரா வாங்குவது, எடையில் ஏமாற்றுவாள். வெள்ளிக்கிழமை என்றால் நாளைக்கு.

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரங்கன் உள்ளே வந்தான். பின்னால் அதே ஆள்.

"இன்னா பெருசு, நோட்டு இன்னா சொல்லுது? இல்ல, கம்ப்யூட்டர்ல பாத்துடலாமா?"

"வேணாம் சார். நான்தான் தப்பா எழுதிட்டேன். கண்ணாடி மாத்தணும். நீங்க சாப்பிடத்தான் போனீங்க."

பேனாவை எடுத்து என் எழுத்தை நானே அடித்தேன்.

அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கினியே" என்றான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கிய மைக்கைப் பார்த்தான். நான் வேண்டாத சாமி இல்லை.

"ஏம்மா, பாடாதப்பவும் அது கேட்டுக்கினு இருக்குமா?"

"இல்ல சார். சாப்பிடப் போறப்ப ஆஃப் பண்ணிடுவேன்." குரல் ஆடவில்லை.

ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் பணத்தை வைத்தான். என் கன்னத்தைத் தட்டினான். "ஏசி போட்டுக் கீது, உனக்கு மட்டும் சட்டை நனைஞ்சு கீதே. வீடு எங்க பெருசு?"

"வியாசர்பாடி."

என் வீடு வியாசர்பாடியில் இல்லை.

கார் போன பிறகு மேகலா ரொம்ப நேரம் போனில் பேசினாள். பிறகு வந்து, "எங்க சித்தப்பா வக்கீல். அந்தப் பேச்சைக் காப்பி எடுத்து அவருக்கு அனுப்பிட்டேன். போலீஸ்ல குடுத்துடறேன்னாரு. குப்பத்துல ஆள் போடுவாங்களாம். இங்க இருந்ததையும் அழிச்சிட்டேன். உங்க பேரு எங்கயும் வராது, வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"குடுத்துட்டாரா, குடுக்கப் போறாரா?"

"குடுப்பாரு தாத்தா."

குடுப்பாராம். அந்தக் காப்பி எத்தனை கை மாறப் போகிறதோ, அதில் எந்தக் கை ரங்கன் கட்டின ஃப்ளாட்டில் குடியிருக்கிறதோ. ஆஃப் பண்ணினேன் என்று அவனிடம் சொன்ன அதே வாயால்தான் அழித்துவிட்டேன் என்று என்னிடமும் சொல்கிறாள்.

செருப்பை மாட்டினேன். தெருவில் நின்ற வெள்ளைக் கார் எல்லாமே அவன் கார் மாதிரி இருந்தது.

"பஸ் ஸ்டாப் இந்தப் பக்கம் தாத்தா" என்று கேட் வரைக்கும் வந்தாள் மேகலா. "போலீஸ் ஆள் போடுவாங்கன்னு சொல்றேன்ல?"

"போட்டா நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, குப்பத்துப் பக்கம் நடந்தேன்.