மருமகளுக்கு வந்த நோய்

1

நாய் கடித்ததால் எனக்குக் கிடைத்த கதை இது. எங்கள் ஊர் சுகாதார நிலையத்தின் ஒரே மருத்துவச்சி புருல் அக்கா, ஊசி குத்தும்போது நான் கத்தாமலிருப்பதற்காகச் சொன்னது. "பேரை மாத்திடு. இல்லன்னா அடுத்த ஊசி எங்க போகும்னு சொல்ல முடியாது," என்றாள். மாற்றிவிட்டேன்.

முதல் வரி: 'பனி மூடிய எங்கள் ஊர் நாரின் மலைகளின் அடியில்...' அடித்துவிட்டேன். மலையைப் பார்த்து யாருக்கும் உதிரப்போக்கு நின்றதில்லை.

2

சைரா தன் மருமகள் எல்சாதாவை அக்காவிடம் அழைத்து வந்தாள். புது மருமகள் மாமியார் முன்னால் எங்கே வாய் திறப்பாள்? முக்காட்டுக்குள் தலை குனிந்திருந்தாள்.

"என்னம்மா பண்ணுது?"

"இவளுக்கு ரத்தம் போகுது. நிக்கவே மாட்டேங்குது," என்றாள் சைரா.

(முதல் பிரதியில் சைராவை ராட்சசியாக்கியிருந்தேன். மருமகளைப் பேசவிடாத மாமியார் எழுதுவதற்குச் சுலபம். அக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தாளாம்.)

"எப்பலேருந்து?"

"ஆடுங்க மலை மேய்ச்சல்லேருந்து எறங்குனதுலேருந்து."

"அப்ப இவ அவங்கம்மா வீட்டுலல்ல இருந்தா? கல்யாணம் பனி விழுந்தப்புறம்தானே. வழுக்கிக்கிட்டு வந்து நானும் சாப்பிட்டேனே."

3

மருமகள் வந்துவிட்ட வயதில் தனக்கு இப்படி என்று சைரா எந்த வாயால் சொல்வாள்? சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். போனால் திரும்பி வரமாட்டாள், ரத்தமும் நிற்காது.

இங்கே எல்சாதாவுக்கு ஒரு வசனம் எழுதினேன்: 'அத்தை, உங்கள் உயிர்தான்...' வேண்டாம், நாடகம். அவள் உண்மையில் சொன்னது எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது.

"எனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியல அக்கா. அத்தைக்குத்தான் தெரியும். அத்தை, நீங்க படுத்துக் காட்டுங்களேன்."

பேனாவை வைத்துவிட்டேன். சின்னப் பெண், மாமியாரின் பொய்யையும் கலைக்கவில்லை, மாமியாரையும் விடவில்லை.

"ஆமா, அப்பத்தான் எனக்கும் புரியும்," என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

சைரா சால்வையை இறக்கிவைத்தாள். பிறகு பூட்ஸைக் கழற்றினாள்.

4

அக்காவின் கைக்கு என்ன தட்டுப்பட்டது? கட்டி என்று ஒரு முடிவு எழுதினேன். மாத்திரையில் சரியாகும் என்று இன்னொன்று. அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதாக எடுத்தால் சந்தோஷப்படுவேன்.

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். கட்டிலை மறைத்த திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வருகிறது.

"இங்க அமுக்குனா வலிக்குதா?"

"இவளுக்கு வலிக்குது," என்கிறாள் சைரா.

திரைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எல்சாதா, "ஆமா அக்கா, வலிக்குது," என்கிறாள்.